கம்பியில்லா இணைப்பு: கோளாறும் பரிகாரமும்

மேஜைக் கணினியில் லினக்ஸ் வைத்திருக்கும் ஒருவர் ‘வைஃபை வரவில்லை’ என்று சொல்லும்போது, அந்தச் சிறு வாக்கியத்துக்குள் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத பல கோளாறுகள் ஒளிந்திருக்கக் கூடும். கார்டு இருப்பதையே கெர்னல் அறியாமல் இருக்கலாம். அறிந்தும் அதை நடத்துவதற்கான டிரைவர் அமையாமல் இருக்கலாம். டிரைவர் அமைந்தும், கார்டுக்குள் ஏற்ற வேண்டிய ஃபர்ம்வேர் டிஸ்கில் இல்லாமல் போயிருக்கலாம். அதுவும் இருக்க, ரேடியோ அணைக்கப்பட்டிருக்கலாம். ரேடியோ உயிரோடு இருந்தும் ரவுட்டர் பாஸ்வேர்டை ஏற்காதிருக்கலாம். ஏற்றுக்கொண்ட பிறகும் ஐபி முகவரி கிடைக்காமலோ, முகவரி கிடைத்தும் டிஎன்எஸ் பதில் சொல்லாமலோ இருக்கலாம். இவை ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்த படிகள் ஆகையால், கீழ்ப்படி பழுதாகியிருக்கும்போது மேற்படியில் எவ்வளவு பரிகாரம் செய்தாலும் அது வீண் பிரயாசையாகவே முடியும். ஆயினும் வழக்கத்தில் நடப்பது என்னவோ இதற்கு நேர் விரோதமானது: ஃபர்ம்வேர் இல்லாத கார்டுக்காக ரவுட்டரை அணைத்து அணைத்துப் போடுகிறார்கள், பாஸ்வேர்டில் ஓர் எழுத்துப் பிழைக்காக உபுண்டுவை அடியோடு அழித்து மறுபடி இன்ஸ்டால் செய்கிறார்கள், யாரோ எங்கோ எழுதி வைத்த பத்துக் கட்டளைகளை ஒருங்கே ஓட்டிவிட்டு, ஒரு கோளாறு இருந்த இடத்தில் மூன்றை உண்டாக்கிக்கொள்கிறார்கள். பரிகாரத்தில் இறங்குமுன், எந்தப் படியில் பழுது என்பதை யந்திரத்தின் வாயாலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளும் முறையைச் சொல்வதே இந்த அத்தியாயத்தின் நோக்கம். லினக்ஸ் இந்த விஷயத்தில் ஒளிவு மறைவு அறியாதது. கேட்கத் தெரிந்தவருக்கு எல்லாவற்றையும் சொல்லிவிடும்.

கட்டளைகளின் பெயர்களை இங்கே உச்சரிப்புப்படி தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். டெர்மினலில் அவற்றைச் சிறிய ஆங்கில எழுத்துகளில் தட்ட வேண்டும். சில கட்டளைகளுக்கு முன்னால் ‘சுடோ’ என்பதைச் சேர்க்காவிட்டால் அனுமதி மறுக்கப்படும்.

முதற்படி, கார்டு கெர்னலின் கண்ணுக்குத் தெரிகிறதா என்பது. மதர்போர்டில் செருகிய கார்டானால் ‘எல்எஸ்பிசிஐ’ என்று தட்டி, ஓர் இடைவெளி விட்டு, சிறு கோட்டுடன் ‘என்என்கே’ என்னும் மூன்று எழுத்துகளைச் சேர்த்து ஓட்டினால், பெட்டிக்குள் இருக்கும் உறுப்புகள் அனைத்தும் வரிசையாக வரும். அவற்றுள் ‘நெட்வொர்க் கண்ட்ரோலர்’ என்ற சொற்கள் உள்ள வரியே நமக்கு வேண்டியது. அந்த வரியின் கோடியில் சதுர அடைப்புக்குள் இரண்டு எண்கள் நிற்கும். முதலாவது செய்தவரின் அடையாளம், இரண்டாவது செய்த பொருளின் அடையாளம். இன்டெலுக்கு 8086 என்பது எண். 1978-ஆம் ஆண்டு வெளிவந்து பிற்காலக் கணினிகள் பலவற்றுக்கு மூலபுருஷனாய் விளங்கிய அந்தப் பிராஸஸரின் பெயரையே நிறுவனம் தன் முத்திரையாக வைத்துக்கொண்டது. பெட்டியில் அச்சிட்ட வியாபாரப் பெயரைவிட இந்த எண்களே நம்பத்தக்கவை. ஏனென்றால் ஒரே மாடல் பெயரின்கீழ் சில்லை மாற்றி விற்பது இந்தத் தொழிலில் சாதாரணம்.

யுஎஸ்பி டாங்கிளுக்கு ‘எல்எஸ்யுஎஸ்பி’ என்ற கட்டளை. இங்கே ஒரு விசித்திரத்தைக் குறிப்பிட வேண்டும். விண்டோஸ் டிரைவரைத் தனியே சிடியில் கொடுக்கும் செலவை மிச்சப்படுத்த எண்ணிய தயாரிப்பாளர்கள், அதை டாங்கிளுக்குள்ளேயே அடைத்து, செருகியவுடன் அது ஒரு சிடி டிரைவைப் போல் வேஷம் போடும்படி செய்துவிட்டார்கள். ரியல்டெக் டாங்கிள் 0பிடிஏ:1ஏ2பி என்ற எண்ணுடன் ‘டிஸ்க்’ என்று தன்னைச் சொல்லிக்கொண்டால், அது இன்னும் அந்த வேஷத்தில்தான் இருக்கிறது என்று பொருள். கோப்பு உலாவியில் தோன்றும் அந்தப் போலி டிஸ்கை ‘எஜெக்ட்’ செய்தால் பல சமயங்களில் வேஷம் கலைந்துவிடும்; தானாகவே கலையும்படி செய்வதற்கு ‘யுஎஸ்பி-மோட்ஸ்விட்ச்’ என்னும் பேக்கேஜ் உண்டு.

கார்டு பட்டியலிலேயே இல்லாவிட்டால், டிரைவரைப் பற்றிய சிந்தனையை அப்படியே நிறுத்திவிட்டு, பயாஸில் வயர்லெஸ் முடக்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு மின்சாரத்தைத் துண்டித்து, கார்டைக் கழற்றி மறுபடி அழுத்திப் பொருத்த வேண்டும். அதே கணினியில் விண்டோஸும் குடியிருந்தால் இன்னொரு சந்தேகத்துக்கும் இடம் உண்டு. விண்டோஸின் ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ ஏற்பாடு யந்திரத்தை முழுவதும் அணைக்காமல் அரைத் தூக்கத்தில் விடுவதால், அடுத்து எழும் லினக்ஸின் கைக்குக் கார்டு வசப்படாமல் போவதுண்டு. அந்த ஏற்பாட்டை விண்டோஸில் நீக்கிவிட்டு, பிளக்கைப் பிடுங்கிச் சற்று நேரம் கழித்துச் செருகினால், பேய் பிடித்ததோ என்று அஞ்ச வைத்த கோளாறு சுவடில்லாமல் மறைந்துவிடும்.

கார்டு தெரிகிறது, அதன்கீழ் ‘கெர்னல் டிரைவர் இன் யூஸ்’ என்ற வரி இருக்கிறதா? இருந்தால் டிரைவர் பற்றிக்கொண்டது. இல்லாவிட்டால் வழக்கு இரண்டாம் படியில் நிற்கிறது. லினக்ஸில் வைஃபை என்றாலே அடிவயிறு கலங்கிய ஒரு காலம் இருந்தது. விண்டோஸுக்கு எழுதிய டிரைவரையே என்டிஐஎஸ்ராப்பர் என்ற உபாயத்தால் லினக்ஸில் மாட்டி ஓட்டிக்கொண்டிருந்தோம். 2007-ஆம் ஆண்டு வந்த 2.6.22 கெர்னலில், எல்லா டிரைவர்களுக்கும் பொதுவான மேக்80211 என்னும் அஸ்திவாரம் சேர்ந்தது; அடுத்த ஆண்டுத் தொடக்கத்தில் 2.6.24 கெர்னலில் இன்டெலுக்கான ஐடபிள்யூஎல்வைஃபையும், பிராட்காம் சில்லுகளின் போக்கை வெளியிலிருந்தே ஆராய்ந்து எழுதிய பி43-உம் வந்து சேர்ந்தன. பழைய குறிப்புகளில் என்டிஐஎஸ்ராப்பரைப் பரிகாரமாகச் சொல்லியிருந்தால் திரும்பிப் பாராமல் கடந்து செல்லலாம். பிராட்காம் ஒன்றுதான் இன்றும் சற்று முரண்டு பிடிக்கும் ஜாதி. அதன் சில சில்லுகளுக்கு நிறுவனத்தின் மூடிய டிரைவரான ‘டபிள்யூஎல்’ வேண்டும், சிலவற்றுக்கு பி43, இரண்டும் ஒருங்கே ஏறிவிட்டால் இரண்டுமே உதவாமல் போகும். உபுண்டுவிலும் மின்டிலும் உள்ள டிரைவர் மேலாளர் தகுந்ததைத் தானே காட்டிக்கொடுப்பதால் அதன் தீர்ப்பை ஏற்றுக்கொள்வதே உசிதம்.

டிரைவர் இருந்தும் கார்டு உயிர் பெறாததற்குப் பெரும்பாலும் காரணம் ஃபர்ம்வேர். கார்டுக்குள் இருக்கும் சிறிய பிராஸஸருக்கு அதன் நிரல் ஒவ்வொரு முறையும் டிஸ்கிலிருந்து ஏற்றப்பட வேண்டும். அந்தக் கோப்பு ‘லிப்’ ஃபோல்டருக்குள் உள்ள ‘ஃபர்ம்வேர்’ ஃபோல்டரில் இருக்கும். ‘டிஎம்இஎஸ்ஜி’ என்ற கட்டளையால் கெர்னலின் பேச்சை வரவழைத்து, அதில் ‘ஃபர்ம்வேர்’ என்ற சொல்லைத் தேடினால், இன்ன பெயருள்ள கோப்பை நேரடியாக ஏற்ற முயன்று பிழை எண் -2 உடன் தோற்றது என்ற வரி கண்ணில் படும். -2 என்பதற்கு ‘அப்படியொரு கோப்பே இல்லை’ என்று அர்த்தம். தேவையான கோப்பின் பெயரையும் அதே வரி சொல்லிவிடுகிறது என்பதால், இதைக் காட்டிலும் தெளிவான சாட்சியம் எந்த நீதிமன்றத்திலும் கிடைக்காது. இவ்விஷயத்தில் டெபியன் நெடுங்காலம் கடுமையான விரதம் காத்தது; சுதந்திர மென்பொருள் அல்லாத ஃபர்ம்வேரைத் தன் அதிகாரபூர்வ இன்ஸ்டால் டிஸ்கில் சேர்க்க மறுத்ததால், புதிதாக வந்தவர்கள் வலை இல்லாமல் வலையைத் தேடும் அவஸ்தைக்கு ஆளானார்கள். 2022-இல் உறுப்பினர்களிடையே வாக்கெடுப்பு நடத்தி அந்த விரதத்தைத் தளர்த்தினார்கள். 2023 ஜூனில் வந்த டெபியன் 12 முதல் ஃபர்ம்வேர் டிஸ்கிலேயே வருகிறது. கொள்கைக்கு இழுக்கு என்று சிலர் வருந்தினார்கள். என் அபிப்பிராயத்தில், அது கொள்கையைக் கைவிட்டதாகாது. வாசலிலேயே திரும்பிப் போய்க்கொண்டிருந்தவர்களை உள்ளே அழைத்ததாகும்.

ஆனால் ஃபர்ம்வேரை இறக்குவதற்கே இணையம் வேண்டுமே, அதற்கு எங்கே போவது என்று கேட்கலாம். கையிலிருக்கும் ஆண்ட்ராய்டு ஃபோனை யுஎஸ்பி கேபிளால் கணினியோடு இணைத்து, ஃபோனின் அமைப்பில் ‘யுஎஸ்பி டெதரிங்’ என்பதை இயக்கினால், கணினி அதை ஒரு கம்பி இணைப்பாகவே எடுத்துக்கொள்ளும்; தனி டிரைவர் ஏதும் தேவைப்படுவதில்லை. ஃபோன் வீட்டு வைஃபையில் இருந்தால், அதையே கணினிக்குக் கைமாற்றித் தருவதால், மொபைல் டேட்டாவும் செலவாகாது. இந்த ஓர் உபாயத்தைத் தெரிந்து வைத்திருப்பவருக்கு மற்றப் பரிகாரங்களில் பாதி சுலபமாகிவிடும்.

தனியே கம்பைல் செய்து சேர்க்கும் டிரைவர்களுக்கு இன்னொரு தடை உண்டு. பயாஸில் ‘செக்யூர் பூட்’ இயங்கினால், கையொப்பமில்லாத டிரைவரைக் கெர்னல் உள்ளே விடாது. ‘கீ வாஸ் ரிஜெக்டட்’ என்று சொல்லி மறுத்துவிடும். இன்ஸ்டால் செய்யும்போது ஒரு பாஸ்வேர்டு வைக்கச் சொல்லிக் கேட்பதும், மறுபடி கணினி எழும்போது நீலத் திரையில் அதே பாஸ்வேர்டைக் கேட்டுச் சாவியைப் பதிவு செய்துகொள்வதும் இதன் பொருட்டே. பலர் அந்த நீலத் திரையைப் பார்த்து மிரண்டு, ‘கண்டின்யூ பூட்’ என்பதை அழுத்திக் கடந்துவிட்டு, டிரைவர் ஏன் ஏறவில்லை என்று திகைக்கிறார்கள்.

ரேடியோ அணைந்திருக்கிறதா என்பதைச் சொல்வது ‘ஆர்எஃப்கில் லிஸ்ட்’. ‘சாஃப்ட் பிளாக்ட்: எஸ்’ என்றால் மென்பொருள் அணைத்திருக்கிறது, ‘ஆர்எஃப்கில் அன்பிளாக் வைஃபை’ என்றால் விடுதலை ஆகிவிடும். ‘ஹார்ட் பிளாக்ட்: எஸ்’ என்றால் எந்தக் கட்டளையும் பலிக்காது, மடிக்கணினியில் அதற்கென்று ஸ்விட்ச் இருக்கும், மேஜைக் கணினியில் பயாஸைத்தான் நாட வேண்டும்.

இனி, இணைப்பை நிர்வகிப்பது யார் என்ற கேள்வி. பெரும்பாலான டெஸ்க்டாப்களில் அந்தப் பொறுப்பு, 2004-இல் ரெட் ஹாட் தொடங்கிய நெட்வொர்க்மேனேஜருடையது. ‘என்எம்சிஎல்ஐ டிவைஸ்’ என்று தட்டினால் ஒவ்வொரு சாதனத்தின் ஸ்திதியையும் காட்டும். வைஃபை சாதனத்துக்கு நேரே ‘அன்மேனேஜ்ட்’ என்றிருந்தால், வேறு யாரோ அதைத் தம் வசம் வைத்திருக்கிறார்கள் என்று கொள்ள வேண்டும். டெபியனில், இன்ஸ்டால் செய்த சமயத்தில் ‘இன்டர்ஃபேஸஸ்’ கோப்பில் எழுதப்பட்ட பழைய வரிகளே பெரும்பாலும் குற்றவாளி. அவற்றின் தலையில் ‘#’ குறியிட்டு முடக்கிவிட்டு நெட்வொர்க்மேனேஜரை மறுபடி தொடங்கினால் போதும்.

பாஸ்வேர்டு கட்டத்தில் யந்திரம் சில சமயம் பாதி உண்மையைத்தான் சொல்லும். ‘ஜர்னல்சிடிஎல்’ பதிவில், நான்கு கட்டக் கைகுலுக்கல் தோற்றது, சாவி தவறாக இருக்கலாம் என்று டபிள்யூபிஏ-சப்ளிகன்ட் எழுதியிருந்தால் பாஸ்வேர்டையே முதலில் சந்தேகிக்க வேண்டியது நியாயம். சேமித்த இணைப்பை அழித்துவிட்டுப் புதிதாகத் தட்ட வேண்டும். ஆனால் சரியான பாஸ்வேர்டுக்கும் அதே வரி வருமானால், சமிக்ஞை பலஹீனமாக இருந்து கைகுலுக்கல் நடுவழியில் அறுந்திருக்கலாம். அல்லது ரவுட்டர் டபிள்யூபிஏ3-யையும் டபிள்யூபிஏ2-வையும் கலந்து ஒலிபரப்ப, பழைய கார்டு அந்தக் கலப்பைத் தாங்காமல் தடுமாறலாம். ரவுட்டரைத் தற்காலிகமாக டபிள்யூபிஏ2-க்கு மட்டும் இறக்கிப் பார்த்தால் சந்தேகம் நிவர்த்தியாகும். அதற்குக் கீழே இறங்கி, 2001-லேயே உடைபட்டுப்போன டபிள்யூஇபி-யில் கொண்டு நிறுத்துவது மட்டும் எக்காரணத்தாலும் கூடாது.

இணைகிறது, ஆனால் அறுந்து அறுந்து போகிறது. அல்லது பக்கத்து அறையில் இருக்கும் ரவுட்டரே எட்டாத தூரத்தில் இருப்பதுபோல் காட்டுகிறது. இந்தப் புகாரில்தான் மேஜைக் கணினிக்கே உரிய விசேஷ காரணங்கள் உண்டு. அவற்றில் பெரும்பாலானவை மென்பொருள் அல்ல. கணினியின் பின்புறம் திரும்பிப் பாருங்கள். வைஃபை உள்ள மதர்போர்டானால், யுஎஸ்பி துளைகளுக்குப் பக்கத்தில் பொன்னிறமாய், மரையுடன் இரண்டு சிறு குமிழ்கள் நீண்டிருக்கும். அவற்றில் திருக வேண்டிய ஆன்டெனாக்கள், மதர்போர்டு வந்த அட்டைப்பெட்டியின் அடியில், பிளாஸ்டிக் உறை பிரிக்கப்படாமலே பரணில் கிடக்கும் வீடுகள் அநேகம். ஆன்டெனா இல்லாமலும் பக்கத்திலுள்ள ரவுட்டர் மங்கலாகத் தெரியும் என்பதே இதிலுள்ள மோசம். முற்றிலும் தெரியாமல் போயிருந்தால் யாரும் தேடியிருப்பார்கள். ‘ஐடபிள்யூ டெவ்’ என்று தட்டிக் கார்டின் பெயரைத் தெரிந்துகொண்டு, அந்தப் பெயருக்குப் பின் ‘லிங்க்’ சேர்த்துக் கேட்டால் சமிக்ஞையின் பலத்தை டிபிஎம் கணக்கில் சொல்லும். -50 என்றால் சௌக்கியம். -70-ஐத் தாண்டினால் தடுமாற்றம். -80 என்பது அந்திமம். 10 குறைந்தால் பலம் பத்தில் ஒரு பங்காகச் சுருங்கியது என்று கணக்கு. ஆன்டெனாவை விரலால் திருகி இறுக்கினால் போதும், குறடு வேண்டாம். தனியாக வாங்கிப் பொருத்திய எம்.2 கார்டானால், பெட்டிக்குள் மிளகளவு உள்ள இணைப்பு முனைகளில் மெல்லிய ஒயர்கள் ‘டிக்’ என்று உட்கார்ந்திருக்கின்றனவா என்பதையும் பார்க்க வேண்டும்.

யுஎஸ்பி டாங்கிளைப் பின்புறத் துளையில் செருகினால், அதற்கு முன்னால் ஓர் இரும்புப் பெட்டி, பின்னால் ஒரு சுவர் என்று அது சிறையிருக்கும். போதாக்குறைக்கு, யுஎஸ்பி 3.0 ஓட்டத்திலிருந்து எழும் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் வந்து விழுகிறது; இன்டெலே 2012-இல் இதை விளக்கி அறிக்கை வெளியிட்டது. வெளி ஹார்ட் டிஸ்க் ஓடும்போது மட்டும் இணைப்பு தளர்ந்தால் இதையே சந்தேகிக்க வேண்டும். ஒரு முழ நீள யுஎஸ்பி நீட்டிப்பு ஒயரால் டாங்கிளை மேஜைமேல் கொண்டுவந்து வைப்பதைப்போல அற்பச் செலவில் அபாரப் பலன் தரும் பரிகாரம் வேறில்லை.

அலைவரிசையின் நெரிசலும் ஒரு காரணம். 2.4 கிகாஹெர்ட்ஸில் இந்தியாவில் 13 சானல்கள் இருந்தாலும் ஒவ்வொன்றும் அண்டையிலுள்ளவற்றின்மேல் கவிந்து நிற்பதால், ஒன்றோடொன்று மோதாதவை என்று 1, 6, 11 ஆகிய மூன்றையே சொல்ல முடியும். அடுக்குமாடிக் குடியிருப்பில் இருபது ரவுட்டர்கள் அந்த மூன்றில் அடைந்து கிடப்பது, கல்யாணப் பந்தியில் எல்லோரும் ஏககாலத்தில் சாம்பாருக்குக் குரல் கொடுப்பது போன்றது. கார்டும் ரவுட்டரும் 5 கிகாஹெர்ட்ஸ் அறிந்தவையானால் அங்கே போய்விடுவதே புத்திசாலித்தனம். ரவுட்டர் 12 அல்லது 13-ஆம் சானலில் போய் உட்கார்ந்துகொண்டால் ஃபோனுக்குத் தெரிவது கணினிக்குத் தெரியாமல் போகும் வினோதமும் உண்டு. கார்டு தன்னை அமெரிக்காவில் இருப்பதாக எண்ணிக்கொண்டால், அங்கே வழங்கும் 11 சானல்களுக்கு மேல் அது காது கொடுப்பதில்லை. ‘ஐடபிள்யூ ரெக் கெட்’ எந்தத் தேச விதியில் கார்டு இயங்குகிறது என்று காட்டும். ஆனால் தேசத்தை மாற்றச் சொன்னால் சில கார்டுகள் இணங்குவதில்லை ஆகையால், ரவுட்டரின் சானலை 1, 6, 11-இல் ஒன்றாக நிலைநிறுத்திவிடுவதே சுருக்கமான வழி.

சமிக்ஞை பலமாக இருந்தும் சிறிது நேரம் சும்மா இருந்தால் இணைப்பு உறங்கிப்போகிறது, பக்கங்கள் திக்கித் திக்கித் திறக்கின்றன என்றால் மின்சிக்கனத்தைப் பாருங்கள். பேட்டரியில் ஓடும் யந்திரத்துக்காக ஏற்பட்ட இந்தச் சிக்கனம், சுவரிலுள்ள பிளக்கில் நிரந்தரமாகச் செருகப்பட்ட கணினிக்கு எதற்கு என்று எனக்கு விளங்கியதில்லை. ‘ஐடபிள்யூ டெவ்’ என்பதோடு கார்டின் பெயரையும் ‘செட் பவர்-சேவ் ஆஃப்’ என்பதையும் சேர்த்து ஓட்டி (பவருக்கும் சேவுக்கும் நடுவே அடிக்கோடு வர வேண்டும்) ஒரு நாள் சோதித்துப் பார்க்கலாம். குணம் தெரிந்தால், உபுண்டுவில் நெட்வொர்க்மேனேஜரின் ‘கான்ஃப்.டி’ ஃபோல்டரில் ‘வைஃபை-பவர்சேவ்-ஆன்’ என்று முடியும் பெயருள்ள கோப்பைத் திறந்து, அதிலுள்ள 3-ஐ 2 ஆக்கினால் மாற்றம் நிரந்தரமாகிவிடும்.

மேற்படிகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். முகவரி 169.254 என்று தொடங்கினால், ரவுட்டர் முகவரி தரவில்லை, கணினி தானே ஒன்றைச் சூட்டிக்கொண்டது என்று பொருள். ரவுட்டரின் முகவரிக்கு ‘பிங்’ போகிறது, வெளி இணையத்திலுள்ள 1.1.1.1-க்கும் போகிறது, தளத்தின் பெயருக்கு மட்டும் போகவில்லை என்றால் குற்றம் வைஃபையுடையது அல்ல, டிஎன்எஸ்ஸுடையது. பெயரும் கிடைத்து, எல்லாத் தளங்களின் சான்றிதழும் தவறு என்று பிரவுசர் முறையிட்டால், திரையின் மூலையிலுள்ள கடிகாரத்தைப் பாருங்கள்; மதர்போர்டின் பொத்தான் பேட்டரி தீர்ந்து, கணினி பல ஆண்டுகளுக்கு முந்திய ஒரு தேதியில் வசித்துக்கொண்டிருக்கும். நேற்று வரை நடந்தது இன்று அப்டேட் ஆன பின் நின்றுவிட்டதென்றால், கணினி எழும்போது கிரப் பட்டியலின் ‘அட்வான்ஸ்ட் ஆப்ஷன்ஸ்’ பகுதியில் பழைய கெர்னலைத் தேர்ந்தெடுத்துப் பார்த்தால், பழி யாருடையது என்பது அப்போதே தீர்மானமாகிவிடும்.

இவ்வளவுக்கும் மசியாத கார்டோடு வருஷக்கணக்கில் மல்லுக்கட்டுவது மதியீனம், மாற்றிவிடுங்கள். வாங்கும்போது டிரைவர் கெர்னலிலேயே இருக்கும் சில்லாகப் பார்க்க வேண்டும். இன்டெலில் ஏஎக்ஸ்200, ஏஎக்ஸ்210 ஆகியவை எந்த எம்.2 வைஃபை துளையிலும் வேலை செய்யும் முழுக் கார்டுகள். அவற்றோடு ஒரே அச்சில் வார்த்ததுபோல் தோன்றும் ஏஎக்ஸ்201-உம் ஏஎக்ஸ்211-உம் பாதி வேலையை இன்டெல் சிப்செட்டிடம் ஒப்படைத்துவிட்ட அரைக் கார்டுகள். ஏஎம்டி போர்டில் செருகினால் பிணம்போல் கிடக்கும். ஏஎக்ஸ்210-க்குக் கெர்னல் 5.10 அல்லது அதற்குமேல் வேண்டும். ‘யுநேம்’ என்பதோடு சிறு கோடும் ஆர் எழுத்தும் சேர்த்துக் கேட்டால் நம்முடையது எது என்று தெரியும். யுஎஸ்பி டாங்கிளே வேண்டுமென்றால் மீடியாடெக் சில்லுள்ளது தொந்தரவு குறைந்தது. ரியல்டெக்கின் டாங்கிள்களில் சிலவற்றுக்குக் கெர்னல் 6.2 முதல்தான் உள்ளேயே இடம் கிடைத்தது. எதுவானாலும், கடைக்காரர் சொல்லும் மாடல் பெயரோடு நின்றுவிடாமல், அடிப்பக்கத்து லேபிளில் பொடி எழுத்தில் இருக்கும் பதிப்பு எண்ணையும் வாசித்து, அந்தப் பதிப்பில் இருப்பது எந்தச் சில்லு என்று தெரிந்துகொண்ட பிறகே பணத்தை எடுக்க வேண்டும்.